மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது எப்படி?

ஒரு மின்சாதனத்தின் இரு முனைகளுக்கு இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது, அதன் வழியே எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்ற இரண்டு அளவுகள் கையில் இருந்தால், அச்சாதனத்தைப் பற்றிய இரண்டு முக்கியமான கேள்விகளுக்கு விடை கண்டுவிடலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிடைப்பது மின்திறன். கணக்கு என்ற அளவில் இதற்கு மேல் எதுவும் இல்லை. ஆயினும் பள்ளியில் இவற்றைச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்த பலர், ஏன் ஓரிடத்தில் வகுக்கிறோம், ஏன் மற்றோரிடத்தில் பெருக்குகிறோம் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். முக்கோணத்துக்குள் மூன்று எழுத்துகளை எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துப் பார்க்கும் முறை தேர்வறைக்கு உதவலாம். பொருள் புரிவதற்கு அது சிறிதும் உதவாது என்பது என் கருத்து. எனவே அளவுகளின் பொருளிலிருந்தே தொடங்குவோம்.

மின்னோட்டம் என்பது ஒரு கம்பியின் குறுக்கே ஒரு நொடியில் கடந்து செல்லும் மின்னூட்டத்தின் அளவு. மின்னூட்டத்தின் அலகு கூலூம். ஒரு நொடிக்கு ஒரு கூலூம் வீதம் கடந்தால் அதை 1 ஆம்பியர் என்கிறோம். ஒரு எலக்ட்ரான் சுமக்கும் மின்னூட்டம் மிகமிகச் சிறியது என்பதால், 1 கூலூம் சேர்வதற்கு ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் தேவைப்படுகின்றன. மின்னழுத்தம் என்பது வேறு வகையான அளவு. அது ஓட்டத்தைச் சொல்வதில்லை. ஒவ்வொரு கூலூம் மின்னூட்டமும் ஒரு புள்ளியிலிருந்து மற்றொரு புள்ளிக்குச் செல்லும்போது எவ்வளவு ஆற்றலை விட்டுச்செல்கிறது என்பதைச் சொல்கிறது. 12 வோல்ட் என்றால், அந்த இரு புள்ளிகளுக்கு இடையே கடக்கும் ஒவ்வொரு கூலூமும் 12 ஜூல் ஆற்றலை ஒப்படைக்கிறது என்று பொருள். இதனால்தான் மின்னோட்டத்தை ஓர் இடத்தில் அளக்கிறோம். மின்னழுத்தத்தை எப்போதும் இரண்டு இடங்களுக்கு இடையில் அளக்கிறோம்.

இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மின்திறனுக்குத் தனியாகச் சூத்திரம் எதுவும் தேவைப்படாது. ஒரு கூலூம் இத்தனை ஜூல் ஆற்றலைத் தருகிறது என்பதை வோல்ட் சொல்கிறது. ஒரு நொடியில் இத்தனை கூலூம் வருகிறது என்பதை ஆம்பியர் சொல்கிறது. ஆகவே ஒரு நொடியில் எத்தனை ஜூல் வந்து சேர்கிறது என்று அறிய, இரண்டையும் பெருக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்னும் வீதத்துக்குத்தான் 1 வாட் என்று பெயர். 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும் ஒரு வெப்பச் சுருளில், நொடிக்கு 2 கூலூம் வீதம் கடக்கும் மின்னூட்டத்தின் ஒவ்வொரு கூலூமும் 24 ஜூல் தருவதால், அதன் திறன் 48 வாட். இந்தப் பெருக்கலில் மின்தடை எங்கும் நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே இருப்பது சுருளாக இருந்தாலும், மின்விசிறியாக இருந்தாலும், மின்கலத்துக்கு மின்னேற்றும் கருவியாக இருந்தாலும், அந்தக் கணத்தில் அதற்குள் செல்லும் ஆற்றலின் வீதம் இவ்விரண்டின் பெருக்கற்பலன்தான்.

திறனையும் ஆற்றலையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு சொல். வாட் என்பது வீதம். அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பொறுத்தே மொத்த ஆற்றல் அமையும். 1,000 வாட் திறனுள்ள சாதனம் ஒரு மணி நேரம் இயங்கினால் 36 லட்சம் ஜூல் செலவாகும். அதையே 1 கிலோவாட் மணி என்கிறோம்.

இப்போது வகுத்தலுக்கு வருவோம். ஒரு பொருளுக்குக் குறுக்கே சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தாலே பெரும் மின்னோட்டம் பாய்ந்துவிடுகிறது என்றால், அது ஓட்டத்தை எளிதில் விடுகிறது. அதே மின்னோட்டத்தைப் பாயவைக்க அதிக மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால், அது ஓட்டத்தைத் தடுக்கிறது. ஒவ்வொரு ஆம்பியருக்கும் எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியின் விடைதான் மின்தடை. அதன் அலகு ஓம். மேலே சொன்ன வெப்பச் சுருளில் 2 ஆம்பியரைப் பாயவைக்க 24 வோல்ட் தேவைப்பட்டது. ஆகவே ஒரு ஆம்பியருக்கு 12 வோல்ட். மின்தடை 12 ஓம்.

இந்த அலகுக்குப் பெயர் தந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கியோர்க் சைமன் ஓம். அவருடைய ஆய்வு அளவிடுதலில் இருந்த ஒரு பெரிய இடரைக் கடந்து வந்தது. தொடக்கத்தில் அவர் பயன்படுத்திய வோல்ட்டா வகை மின்கலங்களின் மின்னழுத்தம் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது. அவ்வாறு மாறினால், மின்னோட்டம் குறைந்ததற்குக் கம்பி காரணமா, மின்கலம் காரணமா என்று பிரித்தறிய முடியாது. பின்னர் அவர் பிஸ்மத், தாமிரம் ஆகிய இரு உலோகங்களை இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னழுத்தத்தைப் பெற்றார். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாதவை என்பதால் அந்த மின்னழுத்தமும் மாறவில்லை. அதைக்கொண்டு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளைச் சோதித்துக் கண்ட தொடர்பை 1827 ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார். தொடக்கத்தில் அதற்கு உரிய வரவேற்பு கிடைக்கவில்லை. 1841 இல் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. அவருக்கு முன்பே ஆங்கிலேயரான ஹென்றி கேவண்டிஷ் இதையொத்த தொடர்பைக் கண்டறிந்திருந்தும் அதை வெளியிடாமலேயே மறைந்தார். அவருடைய மின்னியல் குறிப்புகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1879 இல் பதிப்பித்த பிறகே அது உலகுக்குத் தெரிந்தது.

கணக்கைச் செய்யத் தொடங்கும் ஒருவர் முதலில் சறுக்கும் இடம் அலகுகள். 5 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். 5 ஐ 20 ஆல் வகுத்து 0.25 ஓம் என்று எழுதுவது தவறு. ஆயிரம் மில்லி ஆம்பியர் சேர்ந்ததே 1 ஆம்பியர் என்பதால், 20 மில்லி ஆம்பியர் என்பது 0.020 ஆம்பியர், மின்தடை 250 ஓம், திறன் 0.1 வாட். மின்னணுச் சுற்றுகளில் மின்னோட்டம் பெரும்பாலும் மில்லி ஆம்பியரிலேயே வரும் என்பதால் ஒரு குறுக்குவழியைப் பழகிக்கொள்வது நல்லது. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் கிடைக்கும்; வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் விடை மில்லிவாட்டில் கிடைக்கும். இதன்படி மேலே கிடைத்த 0.25 என்பது 0.25 கிலோ ஓம், அதாவது 250 ஓம். பெருக்கினால் வரும் 100 என்பது 100 மில்லிவாட்.

இரண்டாவது சறுக்கல் இதைவிட நுட்பமானது. எந்தச் சாதனத்தின் மின்தடையைக் கணக்கிடுகிறோமோ அதன் இரு முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்தத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். மின்கலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும் மின்னழுத்தத்தை அல்ல. ஒரு 12 வோல்ட் மின்கலத்திலிருந்து நீண்ட கம்பி வழியாக ஒரு விளக்கு எரிகிறது. மின்கலத்தின் முனைகளில் 12.0 வோல்ட், விளக்கின் முனைகளில் 11.2 வோல்ட், மின்னோட்டம் 4 ஆம்பியர் என்று கொள்வோம். விளக்கின் மின்தடை 11.2 ஐ 4 ஆல் வகுத்தால் வரும் 2.8 ஓம்; அதன் திறன் 44.8 வாட். மீதமுள்ள 0.8 வோல்ட் எங்கே போயிற்று? போகவும் வரவும் உள்ள கம்பிகளில் போயிற்று. அதே 4 ஆம்பியர்தான் கம்பியிலும் பாய்கிறது. ஆகவே கம்பியின் மின்தடை 0.2 ஓம், அது வீணாக வெப்பமாக்கும் திறன் 3.2 வாட். விளக்கின் 44.8 வாட்டையும் கம்பியின் 3.2 வாட்டையும் கூட்டினால் 48 வாட். மின்கலத்தின் 12 வோல்ட்டை 4 ஆம்பியரால் பெருக்கினாலும் 48 வாட். இவ்வாறு கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால், எந்த மின்னழுத்தம் எந்தப் பகுதிக்கு உரியது என்ற குழப்பம் வந்த உடனேயே வெளிப்பட்டுவிடும்.

மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, திறன் என்ற நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டையும் கண்டுவிடலாம். மின்னழுத்தத்துக்குப் பதிலாக 'மின்னோட்டம் × மின்தடை' என்று எழுதினால், திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை என்றாகும். மின்னோட்டத்துக்குப் பதிலாக 'மின்னழுத்தம் ÷ மின்தடை' என்று எழுதினால், திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை என்றாகும். நம் சுருளில் 2 இன் வர்க்கமான 4 ஐ 12 ஆல் பெருக்கினாலும் 48. 24 இன் வர்க்கமான 576 ஐ 12 ஆல் வகுத்தாலும் 48. ஆனால் தொடக்கத்தில் பார்த்த 'மின்னழுத்தம் × மின்னோட்டம்' என்ற பெருக்கலுக்கும் இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இவை ஆற்றல் முழுவதும் மின்தடையில் வெப்பமாக மாறும் இடத்துக்கு மட்டுமே உரியவை. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் உண்டாகிறது என்பதை 1840 ஆம் ஆண்டை ஒட்டி ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் சோதனை வழியாக நிறுவினார். ஒரு மோட்டாரில் இந்தக் கணக்கைப் போட்டால் கிடைப்பது அதன் சுருளில் வீணாகும் வெப்பம் மட்டுமே. அது இழுக்கும் சுமைக்குச் செல்லும் திறன் அதில் சேராது.

கவனமாகப் படிக்கும் எவருக்கும் இங்கே ஒரு ஐயம் எழும், எழ வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கும் முதல் வாய்ப்பாட்டின்படி மின்தடை கூடினால் வெப்பம் கூடுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுக்கும் இரண்டாம் வாய்ப்பாட்டின்படி மின்தடை கூடினால் வெப்பம் குறைகிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? எது மாறாமல் இருக்கிறது என்பதே இதற்கு விடை. ஒரே மின்னோட்டம் பல பொருள்களின் வழியே வரிசையாகப் பாயும்போது, அதாவது தொடரிணைப்பில், மின்தடை அதிகமுள்ள பொருளே அதிகம் சூடாகும். ஒரே மின்னழுத்தம் பல பொருள்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும்போது, அதாவது பக்க இணைப்பில், மின்தடை குறைந்த பொருளே அதிகம் சூடாகும்.

இதை எண்களில் காண்போம். 230 வோல்ட்டுக்கு உரிய இரண்டு வெப்பச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று 1,000 வாட், மற்றொன்று 500 வாட். 230 இன் வர்க்கம் 52,900. அதை 1,000 ஆல் வகுத்தால் முதல் சுருளின் மின்தடை 52.9 ஓம், 500 ஆல் வகுத்தால் இரண்டாம் சுருளின் மின்தடை 105.8 ஓம். அதிகத் திறனுள்ள சுருளுக்கே மின்தடை குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பக்க இணைப்பில் ஒரே மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டத்தை எடுப்பதால்தான் அதற்கு அதிகத் திறன். இப்போது இரண்டையும் தொடராக இணைத்து அதே 230 வோல்ட்டைக் கொடுத்தால், மொத்த மின்தடை 158.7 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 1.45 ஆம்பியர். 1,000 வாட் சுருள் இப்போது வெறும் 111 வாட் வெப்பத்தையே தருகிறது. 500 வாட் சுருளோ 222 வாட் தருகிறது. வரிசை தலைகீழாகிவிட்டது. சாதனத்தின் மீது எழுதப்பட்டிருக்கும் வாட் என்பது அதற்கென்று குறிக்கப்பட்ட மின்னழுத்தத்தில் மட்டும் அது காட்டும் திறன் என்பதை இந்தக் கணக்கு தெளிவாக உணர்த்துகிறது.

மின்னழுத்தம் குறைந்தால் என்னவாகும் என்பதையும் இதே வழியில் பார்க்கலாம். 52.9 ஓம் சுருளுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 200 வோல்ட் கிடைத்தால், திறன் 40,000 ஐ 52.9 ஆல் வகுத்த 756 வாட். மின்னழுத்தம் 13 விழுக்காடு குறைந்ததற்குத் திறன் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைகிறது. பாதி மின்னழுத்தமான 115 வோல்ட்டில் திறன் பாதியாவதில்லை. கால் பங்காகி 250 வாட்டில் நிற்கிறது. மின்னழுத்தம் பாதியானால் மின்னோட்டமும் பாதியாகிறது. பாதியின் பாதி கால் பங்கு.

இதுவரை ஒரு பொருளின் மின்தடை மாறாது என்று வைத்துக்கொண்டே பேசினோம். வெப்பச் சுருள்களில் பயன்படும் நிக்ரோம் கம்பிக்கு இது பெருமளவு பொருந்தும். அது சிவக்கச் சூடானாலும் அதன் மின்தடை சில விழுக்காடே கூடுகிறது. டங்ஸ்டன் இழையுள்ள பழைய வகை மின்விளக்கு அப்படியல்ல, இந்தப் பாடத்தில் நின்று கவனிக்க வேண்டிய பொருள் அதுவே. 230 வோல்ட், 60 வாட் விளக்கு எரியும்போது 0.26 ஆம்பியர் எடுக்கிறது. வகுத்துப் பார்த்தால் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அதே விளக்கைக் கழற்றி, ஆறிய பின், வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கவல்ல மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால், அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் காட்டும். மீட்டர் பழுதடையவில்லை, கணக்கும் தவறில்லை. எரியும் இழையின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. உலோகம் சூடாகும்போது அதன் அணுக்களின் அதிர்வு கூடி, எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்கு இடையூறும் கூடுகிறது. மீட்டர் அளந்தது குளிர்ந்த இழையை. நாம் கணக்கிட்டது எரியும் இழையை. விளக்கைப் போடும் அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் மிகக் குறுகிய நேரத்துக்குப் பாய்கிறது. பழைய விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடச் சுவிட்சைப் போடும்போது அதிகம் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் மின்தடை, அந்த மின்னழுத்தத்தில், அந்த வெப்பநிலையில், அந்தப் பொருளுக்கு உரியது. அது எல்லா நிலைகளிலும் மாறாமல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. மாறாமல் இருந்தால்தான் அப்பொருள் ஓம் விதிக்கு உட்படுகிறது என்கிறோம். சோதித்து அறிவதற்கு எளிய வழி, பல மின்னழுத்தங்களில் மின்னோட்டத்தை அளந்து வரைபடம் போடுவது. கோடு ஆதியின் வழியாக நேராகச் சென்றால் மின்தடை ஒரே அளவு. வளைந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் வேறு அளவு. எல்.இ.டி. விளக்கில் இந்த வளைவு மிகவும் கடுமையானது. ஒரு சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் எடுக்கலாம். வகுத்தால் 100 ஓம். அந்த 100 ஓமை நம்பி, 1 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் பாயும் என்றும் 4 வோல்ட்டில் 40 மில்லி ஆம்பியர் பாயும் என்றும் முடிவு செய்தால் இரண்டுமே பொய்க்கும். 1 வோல்ட்டில் ஓட்டம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது; 4 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் எல்.இ.டி. கருகிவிடும்.

அதனால்தான் எல்.இ.டி.யுடன் ஒரு ரெசிஸ்டரை, அதாவது குறிப்பிட்ட மின்தடை கொண்ட சிறு உறுப்பை, தொடராகச் சேர்க்கிறார்கள். அதன் மதிப்பைத் தேர்ந்தெடுப்பது நாம் பார்த்த இரண்டு கணக்குகளும் ஒருங்கே பயன்படும் நல்ல பயிற்சி. 12 வோல்ட் மின்வழங்கியிலிருந்து, 2 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி.க்கு 20 மில்லி ஆம்பியர் வேண்டும். எல்.இ.டி. 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 வோல்ட் எஞ்சும். 10 ஐ 0.020 ஆல் வகுத்தால் 500 ஓம். வழக்கமாகக் கிடைக்கும் தர வரிசையில் 470 க்கு அடுத்தது 560 ஓம் என்பதால், பாதுகாப்பான பக்கமாக 560 ஐ எடுப்போம். மின்னோட்டம் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியராகக் குறையும். கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. தொடக்கநிலையில் உள்ளவர்கள் பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. அந்த ரெசிஸ்டரில் 10 வோல்ட், 0.018 ஆம்பியர் என்ற அளவில் 0.18 வாட் வெப்பம் தொடர்ந்து உண்டாகும். மிகப் பரவலாகக் கிடைக்கும் சிறிய ரெசிஸ்டர்கள் கால் வாட், அதாவது 0.25 வாட் வரையே தாங்கும். 0.18 அதற்குள் அடங்குகிறது என்றாலும், காற்றோட்டம் இல்லாத சிறு பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அரை வாட் ரெசிஸ்டரைப் போடுவதே முறை. தாங்கும் அளவில் பாதியளவுக்குப் பயன்படுத்துவது என்பது நெடுநாள் உழைக்க வேண்டிய சுற்றுகளில் பின்பற்றப்படும் நல்ல வழக்கம். மேலும், 18 மில்லி ஆம்பியரில் எல்.இ.டி. எடுக்கும் திறன் 0.036 வாட் மட்டுமே என்பதையும் பாருங்கள். எல்.இ.டி.க்குச் செல்வதைப்போல் ஐந்து மடங்கு ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகிறது; பெரிய எல்.இ.டி. விளக்குகளில் இந்த எளிய முறையைக் கைவிட்டு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தனிச்சுற்றை வைப்பதன் காரணம் இதுவே.

மின்வழங்கிகளின் மீது அச்சிடப்பட்டிருக்கும் ஆம்பியர் பற்றியும் ஒரு தெளிவு தேவை. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால், அது எப்போதும் 2 ஆம்பியரைச் செலுத்திக்கொண்டே இருக்கும் என்று பொருளல்ல. அதிகபட்சமாக 2 ஆம்பியர், அதாவது 10 வாட் வரை தரவல்லது என்று பொருள். எவ்வளவு மின்னோட்டம் பாய வேண்டும் என்பதை, அந்த 5 வோல்ட்டில், இணைக்கப்படும் சாதனமே தீர்மானிக்கிறது. ஆகவே மின்னழுத்தம் பொருந்தியிருக்கும்போது, அதிக ஆம்பியர் தரவல்ல மின்வழங்கியால் சாதனத்துக்குக் கேடு இல்லை. மின்னழுத்தம் பொருந்தாமல் போனால் கேடு உண்டு.

மின்னோட்டத்தின் வர்க்கம் எவ்வளவு வலிமையானது என்பதை மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும்போது காணலாம். மறுமுனையில் 2,300 வாட் வேண்டும். கம்பியின் மொத்த மின்தடை 0.1 ஓம். 230 வோல்ட்டில் கொடுத்தால் மின்னோட்டம் 10 ஆம்பியர்; கம்பியில் வீணாவது 10 இன் வர்க்கம் × 0.1, அதாவது 10 வாட். அதே 2,300 வாட்டை 23 வோல்ட்டில் கொடுக்க நினைத்தால் மின்னோட்டம் 100 ஆம்பியர். கம்பியில் வீணாவது 1,000 வாட். மின்னோட்டம் பத்து மடங்கானபோது இழப்பு நூறு மடங்காகிவிட்டது. மின்நிலையங்களிலிருந்து புறப்படும் கம்பிகளில் மின்னழுத்தத்தை லட்சக்கணக்கான வோல்ட் அளவுக்கு உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து அனுப்புவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

அளக்கும் முறையைப் பொறுத்தவரை, வோல்ட்மீட்டரைச் சாதனத்துக்குப் பக்கமாகவும், அம்மீட்டரைச் சாதனத்துடன் தொடராகவும் இணைக்க வேண்டும். அம்மீட்டரின் உள்மின்தடை மிகமிகக் குறைவு. அதை மறந்து, ஆம்பியர் நிலையிலுள்ள மல்டிமீட்டரை மின்கலத்தின் இரு முனைகளுக்கும் நேரடியாக இணைத்தால் என்ன ஆகும் என்பதை ஓம் விதியே சொல்லிவிடும். 12 வோல்ட்டை 0.05 ஓமால் வகுத்தால் 240 ஆம்பியர். மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தால் அது உருகிச் சுற்றைத் துண்டிக்கும், இல்லையென்றால் ஆபத்து. வீட்டு மின்னிணைப்பில் பயிற்சி இல்லாதவர்கள் கம்பியைப் பிரித்து மின்னோட்டத்தை அளக்க முயலவே கூடாது. சாதனத்தின் மீதுள்ள வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் பெரும்பாலும் போதுமான அளவுக்குத் தெரிந்துவிடும். அளவிடும் கருவியும் சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்பது மிக உயர்ந்த மின்தடைகளை அளக்கும்போது வெளிப்படும். பல டிஜிட்டல் மல்டிமீட்டர்களின் வோல்ட் நிலையில் உள்மின்தடை 10 மெகா ஓம். 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 10 வோல்ட் இருக்கும்போது அதன் வழியே 10 மைக்ரோ ஆம்பியர் பாயும். பக்கத்தில் இணைத்த வோல்ட்மீட்டர் வழியே 1 மைக்ரோ ஆம்பியர் பாயும். இரண்டையும் சேர்த்து அளக்கும்படி அம்மீட்டரை வைத்தால் அது 11 காட்டும், மின்தடை 0.91 மெகா ஓம் என்று தவறாக வரும். 100 ஓம் ரெசிஸ்டரில் இந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல.

மாறுதிசை மின்னோட்டத்தில் இந்தக் கணக்குகள் எந்த அளவுக்குச் செல்லும் என்பது கடைசியாகத் தெளிவாக வேண்டியது. 230 வோல்ட் என்று நாம் சொல்வது, நொடிக்குப் பலமுறை ஏறி இறங்கும் மின்னழுத்தத்தின் பயனுறு மதிப்பு. அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட் வரை செல்கிறது. அதே அளவு நேர்மின்னழுத்தம் ஒரு மின்தடையில் எவ்வளவு வெப்பத்தைத் தருமோ அவ்வளவு வெப்பத்தைத் தரும்படி பயனுறு மதிப்பு வரையறுக்கப்பட்டிருப்பதால், வெப்பச் சுருள், இழை விளக்கு போன்றவற்றுக்கு மேலே செய்த கணக்குகள் அப்படியே பொருந்தும். மோட்டாருக்கும் மின்மாற்றிக்கும் பொருந்தாது. அவற்றின் சுருள்கள் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருவதால், மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் கணமும் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் கணமும் ஒன்றாக இருப்பதில்லை. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் ஒரு மோட்டாரில் பெருக்கற்பலன் 1,150. ஆனால் அதை வாட் என்று எழுதக் கூடாது. அது 1,150 வோல்ட் ஆம்பியர். அந்த மோட்டாரின் திறன் காரணி, அதாவது இந்தப் பெருக்கற்பலனில் உண்மையில் செலவாகும் பங்கு, 0.8 என்றால், அது உண்மையில் செலவிடும் திறன் 920 வாட். அதுபோலவே 230 ஐ 5 ஆல் வகுத்துக் கிடைக்கும் 46 ஓம் அதன் கம்பியின் மின்தடை அல்ல. மின்தடையும் காந்தப்புலத்தின் விளைவும் சேர்ந்த மின்னெதிர்ப்பு. மின்மாற்றிகளிலும் தடையில்லா மின்வழங்கிகளிலும் வாட்டுக்குப் பதிலாக வோல்ட் ஆம்பியர் என்று குறிப்பிடுவது இதனால்தான்: அவற்றின் சுருளும் கம்பியும் சூடாவது 920 வாட்டுக்கு ஏற்ப அல்ல, அவற்றின் வழியே பாயும் முழு 5 ஆம்பியருக்கு ஏற்ப.